‘கொழுப்பு மாத்திரையை எப்பவோ நிறுத்தியாச்சு’: ஸ்டாட்டினும் டெர்மடோமயோசைடிஸும் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்டாட்டின் என்பது கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை வகை; டெர்மடோமயோசைடிஸ் தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்கும் அழற்சி நோய். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

பின்னணி

54 வயதுப் பெண். தென்மாவட்டக் கிராமம் ஒன்றின் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். மாரடைப்பு வந்து, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். அன்று முதல் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் 40 மி.கி., ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை என்று ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தார். ஸ்டென்ட் நீளமானது என்பதால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் இரண்டையும் இரண்டு வருடம் தொடரச் சொல்லியிருந்தார்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது, அதற்கு மருந்து எதுவும் எடுக்கவில்லை.

பதினோராவது மாதம் எடுத்த பரிசோதனையில் எல்.டி.எல். கொழுப்பு 96. மாரடைப்பு வந்தவருக்கு 70-க்குக் கீழே, முடிந்தால் இன்னும் கீழே இருக்க வேண்டும். அடோர்வாஸ்டாட்டினை 80 மி.கி. ஆக்கினார்கள். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

எங்களிடம் வந்து சேரும் முன்

பதின்மூன்றாவது மாதம் சோற்று அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க முடியவில்லை. பிடி நழுவவில்லை, தோள்தான் ஒத்துழைக்கவில்லை. அடுத்து, தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு எழும்போது சுவரைப் பிடிக்க வேண்டி வந்தது. பேருந்தின் முதல் படி மலையாகிப் போனது. தலைக்கு எண்ணெய் வைக்கக் கையைத் தூக்கினால் பாதியில் இறங்கிவிடும். வலி பெரிதாக இல்லை. அதனாலேயே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அதே சமயத்தில் கண்ணைச் சுற்றி வீங்கிக் கறுத்தது. கழுத்திலும் முதுகின் மேல்பகுதியிலும் தாங்க முடியாத அரிப்பு. முதலில் தலைக்கு அடித்த டை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். டையை நிறுத்தியும் சரியாகவில்லை. பிறகு ‘மங்கு’ என்று சொல்லி மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். அது ஸ்டீராய்டு கலந்தது. போடும்போது கொஞ்சம் குறையும், விட்டால் திரும்ப வரும்.

உள்ளூர் மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். வைட்டமின் டி 14. வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட் எழுதிக் கொடுத்தார். அளவு குறைவாக இருந்தது உண்மை. ஆனால் நம் ஊரில் யாருக்கு எடுத்தாலும் பெரும்பாலும் அது குறைவாகத்தான் இருக்கும், எந்தப் புகாருக்கும் அதைப் பதிலாகச் சொல்லிவிடலாம். அடுத்த முறை, கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 312, எஸ்.ஜி.பி.டி. 264 என்று வந்ததும் பேச்சு கல்லீரல் பக்கம் திரும்பிவிட்டது. ஸ்கேனில் லேசான கொழுப்புப் படிவு வேறு. ‘ஈரல் வீக்கம்’ என்றதும் வீட்டில் மஞ்சள் காமாலை என்றே முடிவு செய்து, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து மூன்று வாரம் கொடுத்திருக்கிறார்கள். பிலிருபின் 0.8தான். காமாலை இல்லவே இல்லை.

ஸ்டென்ட் வைத்த பதினாறாவது மாதம், தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருகிறது என்று மகள் அழைத்து வந்தார்.

நாங்கள் கண்டது

நாற்காலியில் இருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை. படுத்த நிலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. தோளிலும் இடுப்பிலும் தசை வலு ஐந்துக்கு மூன்று. கைப்பிடி மட்டும் முழு வலுவோடு இருந்தது. தொடு உணர்ச்சியில் குறையில்லை, அனிச்சைச் செயல்களும் சரியாக இருந்தன. உடலின் நடுப்பகுதியை ஒட்டிய தசைகள் மட்டும் இரண்டு பக்கமும் சமமாகத் தளர்ந்திருந்தன என்றால் நரம்பைவிடத் தசை மீதே சந்தேகம் விழ வேண்டும்.

தோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டெர்மடோமயோசைடிஸ் என்றால் இமைகளில் இளஊதா நிறம் தெரியும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அந்தப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் நிறத்தில் அது ஊதாவாகத் தெரியாது. கறுப்போடு சேர்ந்த ஒரு பழுப்பாக, தூக்கம் கெட்ட கண்ணைப் போல, மங்கைப் போலத் தெரியும். இந்த அம்மாவுக்கு இமை தடித்தும் இருந்தது, மங்கு இமையைத் தடிக்க வைக்காது. விரல் முட்டிகளின் மேல் தட்டையான, லேசாகச் செதிலடித்த தடிப்புகள். முட்டிகளுக்கு இடைப்பட்ட தோல் சுத்தம். ‘பாத்திரம் தேய்க்கிற கை, அப்படித்தான் இருக்கும்’ என்றார் அவர். நகத்தின் அடித்தோலில் ஒரு சொட்டு ஜெல் விட்டு, கண் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆப்தல்மாஸ்கோப்பால் பார்த்தோம். ரத்தத் தந்துகிகள் சில இடங்களில் ஊதிப் பெருத்தும் சில இடங்களில் அறவே இல்லாமலும் இருந்தன. இரண்டு நிமிட வேலை இது. நோயின் பெயரை என் மனதில் உறுதிப்படுத்தியது இதுதான்.

பரிசோதனைகள்

தசை உடையும்போது ரத்தத்தில் கசியும் கிரியேட்டின் கைனேஸ், சுருக்கமாக சி.கே., 7,240 இருந்தது. பெண்களுக்கு ஏறக்குறைய 170 வரை இயல்பு. எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் கல்லீரலுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல, தசையிலும் உண்டு. கல்லீரலோடு நெருக்கமான ஜி.ஜி.டி. இவருக்கு 22, முழுக்க இயல்பு. இரண்டு மாதம் ‘ஈரல்’ என்று சொல்லப்பட்டது அத்தனையும் தசையில் இருந்து வந்தது.

சேர்த்த அன்று இரவு இன்னொரு குழப்பம். நெஞ்சு கனக்கிறது என்றார். பணியில் இருந்த இளம் மருத்துவர், மாரடைப்பைக் கண்டறியப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான டிரோபோனின் டி அனுப்ப, அது உயர்ந்து வந்தது. ஸ்டென்ட் வைத்தவர், டிரோபோனின் உயர்வு, வார்டே பரபரப்பானது. இ.சி.ஜி.யில் மாற்றமில்லை, எக்கோவும் பழையபடியே இருந்தது. டிரோபோனின் ஐ அனுப்பினோம், இயல்பாக வந்தது. தசை அழற்சியில் டிரோபோனின் டி எலும்புத் தசையிலிருந்தும் வரக்கூடும். இதயத்தை மட்டும் குறிப்பாகக் காட்டுவதில் ஐ மேல். அந்த இரவு அவரை ஆஞ்சியோ அறைக்கு அனுப்பாமல் இருந்ததற்கு இந்த ஒரு வித்தியாசமே காரணம்.

தொடையின் எம்.ஆர்.ஐ.யில் தசைகளுக்குள் நீர்க்கோவை. தைராய்டு இயல்பு. நெஞ்சு சி.டி.யில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. ஆன்டிபாடி தொகுப்பில், டெர்மடோமயோசைடிஸில் காணப்படும் எம்.ஐ.-2 நேர்மறை. ஸ்டாட்டினால் வரும் தன்னெதிர்ப்புத் தசைநோயின் அடையாளமான ஹெச்.எம்.ஜி.சி.ஆர். ஆன்டிபாடி பல தொகுப்புகளில் சேர்ந்திருக்காது. அதைத் தனியாகக் கேட்டு அனுப்பினோம், இல்லை என்று வந்தது. தொடைத் தசை பயாப்சியில் தசைக்கட்டுகளின் ஓரத்து நார்கள் சுருங்கியிருந்தன, ரத்தக் குழாய்களைச் சுற்றி அழற்சி அணுக்கள். டெர்மடோமயோசைடிஸுக்கு உரிய தோற்றம் அது.

இந்த நோய் பெரியவர்களுக்கு வரும்போது உள்ளே புற்றுநோய் மறைந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். வயிறு, இடுப்பு சி.டி., மேமோகிராம், கருப்பை வாய்ப் பரிசோதனை, சி.ஏ.-125 எல்லாம் பார்த்தோம். எதுவும் அகப்படவில்லை.

மருந்தா, தானாக வந்ததா?

ஸ்டாட்டின் தசையைத் தொந்தரவு செய்வது மூன்று விதம். முதலாவது, சி.கே. இயல்பாகவே இருக்க, உடம்பு வலி மட்டும். இரண்டாவது, அரிதாக, மருந்தின் நச்சுத்தன்மையால் தசை நேரடியாகச் சிதைவது. செரிவாஸ்டாட்டின் 2001-ல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். இவை இரண்டும் மருந்தை நிறுத்தினால் அடங்கிவிடும். மூன்றாவது வேறு ஜாதி. உடலின் எதிர்ப்பு மண்டலமே தன் தசையைத் தாக்கத் தொடங்கிவிடும், மாத்திரையை நிறுத்திய பிறகும் தாக்குதல் ஓயாமல் நடக்கும். ஹெச்.எம்.ஜி.சி.ஆர். ஆன்டிபாடியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் 2011-ல் இனம் கண்ட பிறகே இந்த வகை தெளிவானது. ஸ்டாட்டின் சாப்பிடுபவர்களில் லட்சத்தில் இரண்டு மூன்று பேருக்கு வரக்கூடியது.

தோலும் தசையும் சேர்ந்து பாதிக்கப்படும் டெர்மடோமயோசைடிஸ் இதிலிருந்து வேறு. மருந்தால் தூண்டப்பட்டதாகப் பதிவானவற்றில் அதிகம் பேசப்படுவது ரத்த நோய்களுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியா. வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களின் விரல் முட்டிகளில் தடிப்பு வரும், பெரும்பாலும் தசை தப்பிவிடும். பெனிசிலமின், டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தை முடக்கும் ஊசிகள், புற்றுநோய்க்கான இம்யூனோதெரபி ஆகியவையும் பட்டியலில் உண்டு. ஸ்டாட்டினும் உண்டு.

இவர் விஷயத்தில் அளவைக் கூட்டிய இரண்டு மாதத்தில் நோய் தொடங்கியிருக்கிறது. ஆனால் எம்.ஐ.-2 ஆன்டிபாடி மருந்தே சாப்பிடாதவர்களுக்குத் தானாக வரும் நோயிலும் காணப்படுவது. பக்கவிளைவுக்கு மருந்து எவ்வளவு பொறுப்பு என்று கணக்கிடும் நரஞ்சோ அளவுகோலில் 4 மதிப்பெண் போட்டோம். ‘இருக்கலாம்’ என்ற கட்டத்தில் விழுந்தது. ‘அநேகமாக’ என்று சொல்ல 5 வேண்டும்.

எடுத்த முடிவுகள்

அடோர்வாஸ்டாட்டினை அன்றே நிறுத்தினோம். நிறுத்திவிட்டுச் சில வாரம் காத்திருந்து பார்க்கலாமா என்று ஒரு கருத்து எழுந்தது. நச்சுத்தன்மை மட்டும் என்றால் அது சரியான வழி. இங்கே தோல் சம்பந்தப்பட்டிருக்கிறது, விழுங்கும் தசை தளர்ந்திருக்கிறது, உணவு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. காத்திருக்க மனம் ஒப்பவில்லை. ஸ்டீராய்டு கொடுத்த பிறகு எடுத்தால் பயாப்சி தெளிவாக வராமல் போகலாம் என்பதால் மறுநாள் காலை அதை எடுத்துவிட்டு, மதியமே மீதைல்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 500 மி.கி. தொடங்கினோம். மூன்று நாள் கழித்து பிரட்னிசலோன் மாத்திரை 60 மி.கி.; அவர் எடை 61 கிலோ. விழுங்குவது தேறும் வரை எட்டு நாள் மூக்குக் குழாய் வழியாக உணவு.

காசநோய், ஹெபடைடிஸ் பரிசோதனைகள் முடிந்ததும் இரண்டாவது வாரம், எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட். இது வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டியது. தவறிப்போய் தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட்டில் ‘ஞாயிறு மட்டும்’ என்று தமிழில் பெரிதாக எழுதி, மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். ஸ்டீராய்டால் சர்க்கரை 280 வரை ஏறியது. நான்கு மாதம் இன்சுலின் போட வேண்டி வந்தது.

கொழுப்புக்கு, ஸ்டாட்டின் அல்லாத எஸெட்டிமைப் எழுதினோம். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தனித்தனி மாத்திரையாகத் தொடர்ந்தன. டிஸ்சார்ஜ் அட்டையில் ‘ஸ்டாட்டின் நிறுத்தப்பட்டது’ என்று எழுதினோம், ஆங்கிலத்தில்.

பத்தாவது வாரம்

ஆறாவது வாரம் சி.கே. 980. அவரே சமையல்கட்டுக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். பத்தாவது வாரம் வந்தபோது முகம் வாடியிருந்தது, கழுத்து அரிப்பு திரும்பியிருந்தது. சி.கே. 2,610.

அப்போது பிரட்னிசலோனை 30 மி.கி.க்குக் குறைத்திருந்தோம். அவசரப்பட்டுக் குறைத்துவிட்டோம் என்பதே எல்லோருக்கும் தோன்றிய விளக்கம். மறுபடி 60 ஆக்கலாமா, நரம்பு வழியாக இம்யூனோகுளோபுலின் கொடுக்கலாமா என்று பேச்சு ஓடியது. கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் அவருக்கு 122 கிராம் தேவை. 5 கிராம் பாட்டிலாக வாங்கினால் 25 பாட்டில். குடும்பத்திடம் அந்தத் தொகையைச் சொல்வதற்கு முன், எங்கள் பட்டமேற்படிப்பு மாணவி ஒருவர், “அம்மா, என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்களோ எல்லாத்தையும் எடுத்து இந்த மேஜைல வைங்க” என்றார்.

மஞ்சள் பையைக் கவிழ்த்தார்கள். ஆஸ்பிரின் அட்டை காலி, குளோபிடோக்ரல் அட்டையும் காலி. புதிதாக ஒரு கேப்சூல் அட்டை இருந்தது.

“கொழுப்பு மாத்திரையா? அதை எப்பவோ நிறுத்தியாச்சு டாக்டர். இது ரத்தம் கட்டாம இருக்கறதுக்குக் குடுத்தது. ரெண்டு மாத்திரை ஒண்ணா இருக்குன்னாங்க.”

இரண்டு அல்ல, மூன்று. குளோபிடோக்ரல் 75, ஆஸ்பிரின் 75, அடோர்வாஸ்டாட்டின் 20. ஏழாவது வாரம் மாத்திரை தீர்ந்து, வழக்கமாக இதயத்துக்குக் காட்டும் இடத்துக்குப் போயிருக்கிறார். கையில் பழைய ஸ்டென்ட் சீட்டுதான் இருந்தது, எங்கள் அட்டையைக் கொண்டு போகவில்லை. அந்தச் சீட்டில் இருந்த மூன்று மருந்துகளையும் ஒரே கேப்சூலாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மாத்திரை எண்ணிக்கை குறையுமே என்று. அவர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த அம்மா மீதும் இல்லை; அவர் நிறுத்தியது நாங்கள் விரல் நீட்டிக் காட்டிய அந்த வெள்ளை மாத்திரையை. மூன்றரை வாரம், தினமும் 20 மி.கி. உள்ளே போயிருக்கிறது.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஸ்டீராய்டையும் கூட்டி, கேப்சூலையும் நிறுத்தினால் நோயாளி தேறலாம், ஆனால் எது காரணம் என்று எப்போதும் தெரியாது. அது வெறும் ஆராய்ச்சி ஆர்வம் அல்ல. இனி வாழ்நாள் முழுக்க அவர் ஸ்டாட்டினைத் தொடலாமா கூடாதா என்பது அதைப் பொறுத்தது. விழுங்குவதில் சிரமமில்லை, தசை வலு பெரிதாக இறங்கவில்லை. அதனால் ஸ்டீராய்டை 30-லேயே வைத்து, கேப்சூலை மட்டும் நிறுத்தி, வாராவாரம் பார்ப்பது என்று துணிந்தோம். தொண்டையில் சிறு சிக்கல் வந்தாலும் உடனே வர வேண்டும் என்று மகளிடம் சொன்னோம்.

பதின்மூன்றாவது வாரம் சி.கே. 1,150. அரிப்பும் தணிந்தது.

இதை அப்பழுக்கற்ற நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்கும் காலமும் ஏறக்குறைய அதுதான். இருந்தாலும் மருந்து போனதும் இறங்கி, தெரியாமல் திரும்ப வந்ததும் ஏறி, மறுபடி போனதும் இறங்கிய வரிசையைப் புறந்தள்ள முடியவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யத் துணியாத மறு சோதனை தானாக நடந்துவிட்டது. நரஞ்சோ மதிப்பெண் 4-லிருந்து 6 ஆனது. எம்.ஐ.-2 இருப்பதால், நோய்க்கான விதை முன்பே இருந்திருக்கலாம், ஸ்டாட்டின் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம் என்பது என் கணிப்பு.

பின் தொடர்ந்தவை

இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் படிவம் அனுப்பினோம். காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பக்கவிளைவைத் தெரிவிக்கலாம். மகளுக்கு இது புதிய செய்தி. சொல்லப்போனால் எங்கள் பயிற்சி மருத்துவர்களில் பாதிப் பேருக்கும்.

எஸெட்டிமைப் மட்டும் போதவில்லை, எல்.டி.எல். 121. பெம்பெடோயிக் அமிலம் சேர்த்தோம். இதுவும் கொழுப்பு உருவாகும் அதே பாதையில்தான் குறுக்கிடுகிறது. ஆனால் இதைச் செயல்பட வைக்கும் நொதி கல்லீரலில் உண்டு, எலும்புத் தசையில் இல்லை. ஆகவே தசைக்குள் இது வேலை செய்வதில்லை. எல்.டி.எல். 78-க்கு வந்தது. இலக்கு இன்னும் கீழே. கொழுப்பைக் குறைக்கும் பி.சி.எஸ்.கே.9 ஊசி பொருத்தமானதுதான், விலைதான் இடிக்கிறது.

ஒன்பதாவது மாதம் சி.கே. 148, பிரட்னிசலோன் 5 மி.கி., மெத்தோட்ரெக்சேட் வாரம் 15 மி.கி. வேலைக்குத் திரும்பிவிட்டார். அண்டாவை உதவியாளர் இறக்குகிறார். தரையில் இருந்து எழ இன்னும் ஒரு கை ஊன்ற வேண்டியிருக்கிறது. இமைக் கறுப்பு மங்கியிருக்கிறது, கழுத்தில் வெயில் பட்டால் அரிப்பு.

மறுபடி இப்படி ஒருவர் வந்தால்

‘கொழுப்பு மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று சொல்ல மாட்டேன். மருந்தின் மூலப்பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனி அட்டையில் எழுதி, ‘எந்தக் கூட்டு மாத்திரையிலும் இது இருக்கக் கூடாது’ என்று சேர்த்துக் கொடுப்பேன். நம் நாட்டில் ஆஸ்பிரினோடு ஸ்டாட்டினைச் சேர்த்த கேப்சூல்கள் சர்வசாதாரணம், பெயரைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இதய மருத்துவருக்கு நோயாளி கையில் கடிதம் கொடுத்தனுப்புவதோடு, தொலைபேசியிலும் பேசியிருக்க வேண்டும். அதை நாங்கள் செய்யவில்லை. பையைக் கவிழ்ப்பதும் பத்தாவது வாரம் வரை காத்திருக்க வேண்டிய காரியமே அல்ல. இப்போது எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒவ்வொரு வருகையிலும் பை கவிழ்கிறது. வரிசை நீளும்போது சில நாள் விட்டுப்போவதும் உண்டு.

ஸ்டாட்டின் சாப்பிடுபவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. உயர்ந்தால், ஈரல் மருந்து எழுதும் முன் ஒரு சி.கே. உள்ளூர் மருத்துவரிடமும் இதைப் பேசினேன். அவர் சொன்னது நியாயம்: “சார், அவங்க கை வலிக்குதுன்னு வந்தாங்க. நாற்காலில இருந்து எழுந்திரிங்கன்னு நான் சொல்லிப் பார்க்கல.”

புற்றுநோய்க்கான பரிசோதனைகளை முதல் மூன்று வருடம் ஆண்டுக்கொருமுறை பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். அடுத்தது வரும் மார்கழியில். மெத்தோட்ரெக்சேட்டை எப்போது குறைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.